பத்தாம் நாள், மாலை நான்கு மணிக்குள்

என் தங்கை மகளின் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி இருபது பேர் நிற்கிறோம். குழந்தை வெள்ளைச் சட்டைக்குள் வியர்த்துக் கத்துகிறது. ஃபாதர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்க்கிறார். தாமதத்துக்கு நான்தான் காரணம் என்பது போல.

ஞானத்தாய் இன்னும் வந்து சேரவில்லை. குழந்தையின் அத்தை ஸ்டெல்லாதான் ஞானத்தாய். சுங்கை பட்டாணியில் பள்ளி ஆசிரியை.

எனக்குக் காத்திருப்பது பிடிக்காது. முப்பது வருடம் கோர்ட் வராந்தாவில் காத்திருந்து, இருந்த பொறுமையெல்லாம் அங்கேயே செலவாகிவிட்டது. "ஞாயித்துக்கிழமை காலையில அவளுக்கு அப்படி என்ன வேலை? நேத்தே வந்து படுத்திருக்கலாமே" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. ஃபாதர் திரும்பிப் பார்த்தார்.

தங்கை மகள் என் காதோரம் வந்து சொன்னாள். "பெரியம்மா, அங்க இன்னிக்கு ஸ்கூல் இருக்குலா. கெடாவுல வெள்ளி, சனிதானே லீவு. ரெண்டு பீரியட் முடிச்சிட்டு, பெர்மிஷன் கேட்டுக்கிட்டு வர்றாங்க."

எனக்குத் தெரியாத செய்தியா இது? பினாங்கில் பிறந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மூடா ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பக்கத்து மாநிலம், கெடா. அங்கே வெள்ளிக்கிழமை ஆபீஸ் பூட்டியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். ஆனால் அன்றைக்கு அந்த வார்த்தை காதில் விழுந்ததும் என் டைரியின் ஒரு பக்கம் கண் முன்னால் வந்தது.

எங்கள் லாயர் ஆபீசில் பார்த்துவந்த கமலா அக்காவின் கேஸ் கெடா கோர்ட்டில் இருந்தது. சாட்சியின் வாக்குமூலத்தைத் தாக்கல் செய்யக் கோர்ட் கொடுத்த கடைசி நாள் திங்கட்கிழமை என்று என் டைரியில் என் கையாலேயே எழுதி வைத்திருந்தேன். அது திங்கட்கிழமை இல்லை. இன்றைக்கு.

கையிலிருந்த மெழுகுவர்த்தியைத் தங்கையிடம் திணித்துவிட்டு வெளியே நடந்தேன். அந்தக் குழந்தையின் ஞானஸ்நானப் படங்களில் நான் எதிலும் இல்லை. தங்கை இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

கிராணி என்றால் இளக்காரமா?

இந்தத் தொடரைப் படித்து வருபவர்களுக்கு நான் யார் என்று தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக: பெயர் ஃபிலோமினா. ஆபீசில் எல்லோருக்கும் மினா. ஜார்ஜ் டவுனில், கோர்ட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு பழைய கடைவீட்டு மாடியில் இருக்கும் லாயர் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா.

கிராணி என்றால் பலருக்கு இளக்காரம். ஃபைல் தூக்குகிறவள், டீ வாங்கி வருகிறவள் என்று நினைப்பு. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் ஒருவர், "ஓ, லாயர் இல்லையா நீங்க?" என்று கேட்டுவிட்டு, அடுத்த நாற்காலிக்குத் திரும்பிக்கொண்டார். நான் என் சட்டினியைத் தொட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். லாயர்கள் தேதியை மறந்தால் யாருக்குப் போன் போடுவார்கள் என்று அவருக்குத் தெரியாது, பாவம்.

சினிமாவில் வழக்கு என்றால் கறுப்பு அங்கி, மேசையைத் தட்டுவது, கூண்டில் ஒருவர் அழுவது. அதெல்லாம் கடைசியில் நடப்பது. ஒரு சிவில் கேஸ் பிழைப்பதும் சாவதும் அதற்கு வெகு முன்னாலேயே, தேதிகளில்தான்.

இரண்டு பக்கமும் தங்கள் தங்கள் கதையை எழுதிக் கொடுத்த பிறகு, கோர்ட் நம்மைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். அதற்கு கேஸ் மேனேஜ்மென்ட் என்று பெயர், நாங்கள் சி.எம். என்போம். எந்த ஆவணங்களைக் காட்டப் போகிறீர்கள், எந்த விஷயத்தில் இரண்டு பேருக்கும் சண்டையில்லை, எதில் சண்டை, யார் யார் சாட்சி, எத்தனை நாள் விசாரணை வேண்டும் என்று கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு. ஆவணக் கட்டு இந்தத் தேதிக்குள், சாட்சி வாக்குமூலம் அந்தத் தேதிக்குள். எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் நீதிபதி விசாரணைக்கு நாள் குறிப்பார்.

டைரிகளின் காலம்

முன்பு இதெல்லாம் நேருக்கு நேர் நடந்தது. பதிவாளர் அறைக்குள் லாயர்கள் டைரியைத் திறந்துகொண்டு நிற்பார்கள். ஒருவருக்குத் தைப்பூச வாரம் முடியாது. ஒருவருக்குச் சீனர்களின் செங் பெங், முன்னோர் கல்லறைக்குப் போக வேண்டும். ஒருவர் நோன்புப் பெருநாளுக்கு ஊருக்குப் போகிறார். புனித வாரத்தில் வைக்காதீர்கள் என்று நான் பின்னாலிருந்து லாயரின் அங்கியை இழுப்பேன். ஒரு தேதி கிடைப்பதற்குள் நாலு மதத்துப் பண்டிகையும் அந்த அறைக்குள் வந்து போய்விடும்.

ஒரு பெண் பதிவாளர் இருந்தார். மெல்லிய குரல், சிரித்த முகம், வாய்தா மட்டும் தரவே மாட்டார். ஒருமுறை பட்டர்வொர்த் பக்கமிருந்து கடல் பாலத்தைத் தாண்டி வந்த லாயர் ஒருவர், "பாலத்தில் ஜாம், புவான். அதனால் ஆவணக் கட்டை நேற்றுக் கொண்டுவர முடியவில்லை" என்றார். அந்த அம்மா தலையை நிமிர்த்தாமல், "நானும் தினமும் அந்தப் பாலத்தில்தான் வருகிறேன்" என்றார். அந்த லாயர் அதற்குப் பிறகு எந்த அறையிலும் பாலத்தின் பேரை எடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

என் டைரிக்கு மூன்று மை. கோர்ட் கொடுத்த நாள் நீலத்தில். அதற்கு ஒரு வாரம் முன்னால், நாங்கள் முடித்திருக்க வேண்டிய நாள் பச்சையில். தவறினால் கேஸ் போய்விடும் என்ற நாள் சிவப்பில். மற்ற ஆபீஸ் லாயர்கள்கூட வராந்தாவில் என்னிடம் வந்து, "மினா, அந்த நில கேஸ் எப்போது?" என்று கேட்பார்கள். சொல்வேன். பெருமையாகத்தான் சொல்வேன். பெருமைப்பட என்ன வெட்கம்?

இப்போது எல்லாம் கணினியில். லாயர் ஒரு பக்கம் தட்டுவார், எதிர்க்கட்சி லாயர் இன்னொரு பக்கம் தட்டுவார், பதிவாளர் நடுவில் தட்டுவார். யார் முகமும் தெரியாது. நல்லதுதான், கால் வலிக்கிறதில்லை. ஆனால் கெடாவில் இருக்கும் ஒரு பதிவாளரோடு பேசும்போது நாம் கெடாவில் இருப்பது போலவே தோன்றாது. பினாங்கில், நம்முடைய நாற்காலியில், நம்முடைய நாட்காட்டிக்கு அடியில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

அவசரக்காரி

கமலா அக்கா தாசேக் கெலுகோரில் இருப்பவர். விடியும் முன் எழுந்து நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம், கட்டி, மோட்டார் சைக்கிளில் பின்னால் கூடை வைத்து, ஆற்றைத் தாண்டிச் சுங்கை பட்டாணிப் பக்கம் கொண்டுபோய்ப் போடுவார். பள்ளிக்கூட கேண்டீன்கள், பிறகு ஒரு தொழிற்சாலை. அந்தத் தொழிற்சாலையின் பேர் இங்கே வேண்டாம்.

ஒரு காலை அந்தத் தொழிற்சாலைக்குள், பின்னோக்கி வந்த சரக்குத் தூக்கும் வண்டி அவரை மோதியது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

தொழிற்சாலை கோர்ட்டில் எழுதிக் கொடுத்த பதிலை எங்கள் பாஸ் மிஸ் தேவி அவருக்குப் படித்துக் காட்டியபோது நான் பக்கத்தில் இருந்தேன். அந்தப் பெண் அவசரப்பட்டு, அனுமதியில்லாத வாசல் வழியாக, தானாகவே உள்ளே நுழைந்தார். விபத்துக்கு அவருடைய கவனக்குறைவே முழுக் காரணம் என்று எழுதியிருந்தது.

கமலா அக்கா சொன்னார். "எங்க தாமான்ல, அக்கம்பக்கத்து வீட்டுலெல்லாம், இதைத்தான் பேசிக்கிறாங்க, மிஸ். கமலா அவசரக்காரி, பறந்துக்கிட்டுப் போனா, அனுபவிக்கிறான்னு. என் மகனே ஒருநாள் சொல்லிட்டான். கால் போனது போகட்டும். என்மேல இப்படி எழுதி வச்சிருக்காங்களே, அதை யாரு அழிப்பா?"

இழப்பீடு எவ்வளவு வரும் என்று அவர் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. என் இத்தனை வருடத்தில் அப்படி ஒரு கட்சிக்காரரை நான் பார்த்ததில்லை.

அவருக்கு இருந்த ஒரே சாட்சி, அன்று வாசலில் இருந்த காவலாளி மாரிமுத்து அண்ணன். அவர் அந்த வேலையை விட்டுப் போய் எத்தனையோ காலமாயிற்று. தேடித் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு கெடு தாண்டிவிட்டது. மூன்றாவது முறை, ஒரு வியாழக்கிழமை, பதிவாளர் கணினியில் தட்டினார்: இன்றிலிருந்து பத்து நாளில், பத்தாம் நாள் மாலை நான்கு மணிக்குள், சாட்சி வாக்குமூலம் தாக்கலாக வேண்டும், தவறினால் வழக்கு தள்ளுபடி.

இந்த மாதிரி உத்தரவில் பேச்சே கிடையாது. நான்கு மணி தாண்டினால் யாரும் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை, கேஸ் தானாகச் செத்துவிடும். விபத்து நடந்து ஆறு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அது எப்போதோ கடந்துவிட்டது. புதிதாகப் போட வழியில்லை. மேலே போய்க் காலில் விழலாம். இரக்கப்பட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

வியாழனிலிருந்து பத்து நாள் எண்ணினேன். ஞாயிற்றுக்கிழமையில் வந்து நின்றது. கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாள் என்பது விதி. முப்பது வருடப் பழக்கம். கை தானாகவே திங்கள் என்று சிவப்பு மையில் எழுதியது. கெடா கேஸ் என்றால் ஃபைல் அட்டையில் பெரிதாக ஒரு குறி போட்டு வைப்பேன். இந்த ஃபைல் வேறொரு ஆபீசிலிருந்து கைமாறி வந்தது, குறி போடவில்லை. மிஸ் தேவி டைரியைப் பார்த்துத் தலையாட்டினார். மாரிமுத்து அண்ணனுக்குத் திங்கட்கிழமை வேலையில்லாத நாள், காலையில் ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். எல்லாம் கச்சிதமாக இருந்தது. கச்சிதமாகத் தவறாக இருந்தது.

மலையில் ஒருவர், வாசலில் ஒருவர்

அந்த ஞானஸ்நான ஞாயிறு, கோயில் வாசலில் நின்று மிஸ் தேவிக்குப் போன் போட்டேன். ஞாயிறு காலையில் அவர் பினாங்கு மலை ஏறுகிறவர். மூச்சு வாங்க எடுத்தார்.

"மிஸ், கமலா அக்கா கேஸ். கெடு இன்னிக்கு. கெடாவுல ஞாயிறு வேலை நாள்."

அந்தப் பக்கம் குரங்குச் சத்தம் மட்டும் கேட்டது.

"நான்தான் தப்பா எழுதிட்டேன், மிஸ்."

"எழுதினது நீங்க. பாத்துட்டுத் தலையாட்டினது நான்" என்றார். "மணி என்ன?"

"பத்தேகால்."

"நான் பாதி மலையில இருக்கேன். இறங்கி வந்துடறேன். நீங்க வாக்குமூலத்தை எடுத்துக்கிட்டு அவர்கிட்ட போங்க."

திட்டியிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும். ஆபீசுக்குப் போய் ஃபைலையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு, காரைப் பாயான் பாருவுக்கு விட்டேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன். மற்றவர்கள் கெடுவைத் தவறவிட்டபோது அந்த வராந்தாவில் நின்று நான் எத்தனை பேரைப் பார்த்து உதட்டைச் சுழித்திருப்பேன். அத்தனையும் ஒன்றுவிடாமல் நினைவுக்கு வந்தது.

மாரிமுத்து அண்ணன் இப்போது அங்கே ஒரு அடுக்குமாடி வீட்டு வாசலில் காவலாளி. காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை வேலை. இடத்தை விட்டு நகர முடியாது. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, வருகிறவர் பேர் எழுதும் நோட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார்.

"நாளைக்குத்தானே சொன்னீங்க?"

"தப்பாச் சொல்லிட்டேன், அண்ணே. இன்னிக்கு நாலு மணிக்குள்ள போயாகணும். நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்."

"போட்டுடறேன். என்ன எழுதியிருக்குன்னு ஒருக்கா படிச்சுக் காட்டுங்க."

வாக்குமூலம் மலாயில் இருந்தது. அவருக்கு மலாய் பேச வரும், படிக்கத் தடுமாறுவார். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். இரண்டு வரிக்கு ஒருமுறை கார் வரும். அவர் எழுந்து போய்த் தடுப்புக் கட்டையைத் தூக்குவார், கார் போகும், திரும்பி வந்து நிற்பார். "ம், சொல்லுங்க."

ஒன்பதாவது வரிக்கு வந்தேன். 'லாரி முன்வாசலை அடைத்து நின்றதால், நான் அந்தப் பெண்ணிடம் பக்கவாசல் வழியாகப் போகும்படி சொன்னேன்.'

"இல்லையே" என்றார் மாரிமுத்து அண்ணன்.

"என்ன இல்ல?"

"நான் சொல்லல. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசல."

எங்கள் கேஸ் முழுக்க அந்த ஒரு வரியில்தான் நின்றது. அவர் போகச் சொன்னார், கமலா அக்கா போனார். அவர் சொல்லவில்லை என்றால், தானாக நுழைந்தாள் என்று தொழிற்சாலை எழுதியதுதானே நிற்கும்?

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 'இப்போதைக்குப் போடுங்கள், அண்ணே, மிச்சத்தைக் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. மணி பன்னிரண்டரை. வாயைத் திறக்கவும் செய்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"சத்தியம் பண்ணிட்டுச் சொல்லப் போற விஷயம், தங்கச்சி. செய்யாததைச் செஞ்சேன்னு எப்படிப் போடறது? அந்த அம்மா பாவம்தான். அதுக்காக?"

வாயை மூடிக்கொண்டேன்.

அப்போது ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. மாரிமுத்து அண்ணன் போனார். கட்டையைத் தூக்கினார். கார் ஓட்டி வந்த சீனப் பையன் கையைக்கூடக் காட்டாமல் உள்ளே போனான். கட்டையை இறக்கிவிட்டு அவர் என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"பாத்தீங்களா? இப்ப நான் அவன்கிட்ட ஏதாவது சொன்னேனா? போறான் பாருங்க. அன்னிக்கும் இதேதான். பக்கவாசல் கட்டையைத் தூக்கினேன், அந்த அம்மா போச்சு. முன்வாசல்ல லாரி நின்னா சாப்பாட்டுக்காரங்களுக்கு அதைத் தூக்கிவிடுன்னு சூப்பர்வைசர் சொல்லி வச்சிருந்தாரு. தினம் நடக்கிறதுதான்."

"இதை ஏன் மிஸ் தேவிகிட்ட அன்னிக்குச் சொல்லல?"

"போக விட்டீங்களான்னு கேட்டாங்க. ஆமான்னேன். எப்படி விட்டேன்னு கேக்கலையே."

அவர் சொன்னது எங்கள் வரியைவிட ஆயிரம் மடங்கு நன்றாக இருந்தது. கட்டிப்பிடித்துக் கும்பிடலாம் போலிருந்தது. அதற்குள் அடுத்த கார் வந்துவிட்டது.

மூன்று நாற்பத்தொன்று

மிஸ் தேவி வந்தபோது மணி ஒன்றே முக்கால். மலை ஏறும் காலணி, முழங்கால் வரை சேறு. கூண்டுக்கு வெளியே நின்றபடியே அவர் கதையை முதலிலிருந்து கேட்டார். இந்த முறை, எப்படி என்றும் கேட்டார். பிறகு என்னிடம், "மாத்துங்க, மினா. அவர் சொன்னபடியே போடுங்க. ஒரு வார்த்தை கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்" என்றார்.

வருகையாளர் நோட்டை நகர்த்தி வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன். நான் வேகமாகத் தட்டுவேன், அதில் எனக்குப் போட்டி கிடையாது. அன்றைக்கு மட்டும் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்தேன்.

அச்செடுக்க வேண்டும். ஞாயிறு என்பதால் பக்கத்திலிருந்த முதல் கடை பூட்டு, இரண்டாவதும் பூட்டு. மூன்றாவது கடையில் ஒரு சீன அம்மா பாதி ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். நான் குனிந்து உள்ளே நுழைந்துவிட்டேன். "ஆன்ட்டி, பத்து பக்கம்லா, கோர்ட்டு விஷயம்" என்று மலாயில் கெஞ்சினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஷட்டரை மறுபடி தூக்கினார்.

மாரிமுத்து அண்ணனுக்கு எல்லாவற்றையும் மறுபடி தமிழில் படித்துக் காட்டினேன். "இதுதான். இதேதான்" என்று சொல்லி ஒவ்வொரு பக்கத்திலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். நடுவில் இரண்டு முறை கட்டையைத் தூக்கப் போனார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மிஸ் தேவி கையெழுத்துப் பக்கங்களைப் போனில் படமெடுத்து, தன் கணக்கில் நுழைந்து தாக்கல் செய்தார். திரையில் அந்தச் சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. தாக்கல் ஏற்கப்பட்டது, மாலை 3.41.

மிஸ் தேவி சேற்றுக் காலணியோடு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் கூண்டுச் சுவரில் சாய்ந்து கொஞ்சம் அழுதேன். மாரிமுத்து அண்ணன் தன் போத்தலில் இருந்த டீயை மூடியில் ஊற்றிக் கொடுத்தார். அந்த டீ ஆறிப் போயிருந்தது. அப்படி ஒரு டீயை நான் அதற்குப் பிறகு குடித்ததில்லை.

மறுநாள் திங்கள் காலை எட்டரைக்கு எதிர்க்கட்சி லாயர் கணினியில் தட்டினார்: நேற்று மாலை நான்கு மணியோடு கெடு முடிந்தது, எங்களுக்கு எந்த வாக்குமூலமும் வந்து சேரவில்லை, வழக்கைத் தள்ளுபடி செய்யக் கோருகிறோம். அவர்கள் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

பதிவாளரின் பதில் இரண்டு வரி. வாக்குமூலம் நேற்று 3.41க்குத் தாக்கலாகியுள்ளது. விசாரணைக்கு மூன்று நாள் ஒதுக்கப்படுகிறது.

அந்த இரண்டு வரியை அச்செடுத்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஆபீசுக்கு வரும் புது லாயர்கள் இது என்ன என்று கேட்பார்கள். கேட்டால் சொல்வேன், முழுதாக, என் தப்பையும் சேர்த்து.

இல்லாட்டி எதுக்குத் துவான் கட்டை?

விசாரணையில் தொழிற்சாலை தன் சாட்சியாக அந்தச் சரக்கு வண்டியோட்டியைக் கூண்டில் ஏற்றியது. காவலாளி அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, நான் பார்த்தேன் என்று அவர் அழுத்திச் சொன்னார். அதைச் சொல்வதற்காகவே அவரைக் கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் பழைய ஒன்பதாவது வரி தாக்கலாகியிருந்தால் அங்கேயே எங்கள் கதை முடிந்திருக்கும். மிஸ் தேவி எழுந்து நீதிபதியிடம், "ஒப்புக்கொள்கிறோம், துவான். எங்கள் சாட்சியும் அதையே சொல்கிறார்" என்றார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து என் கால் விரல்களை மடக்கிக்கொண்டேன்.

எதிர்க்கட்சி லாயர் மாரிமுத்து அண்ணனை விடவில்லை. போகச் சொன்னீர்களா, சொன்னீர்களா என்று மூன்று முறை கேட்டார்.

"சொல்லல, துவான். கட்டையைத் தூக்கினேன். கட்டையைத் தூக்கினா போகலாம்னு அர்த்தம். இல்லாட்டி எதுக்குத் துவான் கட்டை?"

மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொன்னபோது நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு நாளன்று கமலா அக்கா பொய்க்காலோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மகனும் வந்திருந்தான். நீதிபதி படிக்கப் படிக்க மொழிபெயர்ப்பாளர் மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். காவலாளி திறந்துவிட்ட வாசல் வழியாக, தினமும் போவது போலவே அவர் போனார். அவர் அவசரப்பட்டார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அவர் பக்கம் எந்தக் கவனக்குறைவும் இல்லை.

கமலா அக்கா திரும்பி என் கையைப் பிடித்தார். "மினா, இது எழுத்துல வருமா?"

"வரும்கா."

"பேரு போட்டு வருமா?"

"உங்க பேரு போட்டுத்தான் வரும்."

அவர் மகனைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ம்மா" என்று மட்டும் சொன்னான். தொகையைப் படித்தபோது அவர் கவனித்தாரா என்றே எனக்குச் சந்தேகம்.

பிறகு கோர்ட் கேண்டீனில் உட்கார்ந்தோம். ஜெயித்த நாளில் சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்ல முடியாது என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். கெடு ஞாயிற்றுக்கிழமை, நான் திங்கள் என்று எழுதிவிட்டேன், ஞானஸ்நானத்தில் ஒரு டீச்சர் தாமதமாக வந்ததால் உங்கள் கேஸ் பிழைத்தது, இல்லாவிட்டால் நானே கொன்றிருப்பேன்.

கமலா அக்கா தேத்தாரே டீயை ஊதி ஒரு வாய் குடித்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபப்படுவார், படட்டும், நியாயம்தான் என்று தயாராக இருந்தேன்.

"என்கிட்ட யாருமே கேக்கலையே, மினா" என்றார். "பதினெட்டு வருஷம் அந்த ஆத்தைத் தாண்டி நாசி லெமாக் கொண்டு போயிருக்கேன். ஞாயித்துக்கிழமைதான் அங்க ஸ்கூல் திறக்கிற நாளு. அன்னிக்கு எனக்கு அம்பது பொட்டலம் கூடுதலா கட்டணும்."

மிஸ் தேவி சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூன்று மை டைரி வைத்திருக்கும் நான், அவர் கேஸை இரண்டு வருடமாகக் கையில் வைத்துக்கொண்டு, அவரிடம் ஒரு தேதியைக்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை.

இப்போதும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து கோர்ட்டில் தேதி விழுந்தால், மை எடுப்பதற்கு முன்னால் கமலா அக்காவுக்கு ஒரு போன் போடுகிறேன். பெரும்பாலும் அவர் சமையலில் இருப்பார். கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் பதில் சொல்வார்.